தொட்டுக் கூப்பிட வேண்டியவர்கள்

"ஆச்சி, உங்க குடும்பத்துல பிறவிச் செவிடு யாராவது உண்டா?" என்று அந்த டாக்டர் கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஒருத்தர் கெடையாது" என்றேன்.

பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றும் கிலுகிலுப்பையை ஆட்டினால் திரும்பிப் பார்த்த பிள்ளைதான். அதில் எனக்குப் பெருமை வேறு. அதுவரை என்னிடம் யாரும் கேள்வி கேட்டு, நான் சொன்னதைப் பேப்பரில் எழுதிக்கொண்டதில்லை. ரேஷன் கடையில்கூடக் கைநாட்டு வாங்குவார்களே தவிர, என் வாயைப் பார்த்து எழுத மாட்டார்கள். ஒரு டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று காத்திருந்தால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது?

பக்கத்தில் என் பேத்தி உட்கார்ந்திருந்தாள். என் மகனுடைய மகள். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருப்பவளும் அவள்தான். இருபத்தைந்து வயது. திருநெல்வேலியில் ஒரு ஆபீஸில், தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, போனில் வருகிறவர்களின் குறையைக் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. கேட்பதுதான் உத்தியோகம். அப்படிப்பட்டவளுக்குக் கேட்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. முதலில் குருவிச் சத்தம் போயிற்று. அது போனதே அவளுக்குத் தெரியவில்லை. இந்தக் காலத்தில் குருவி எங்கே என்று இருந்துவிட்டாள். பிறகு குக்கர் விசில் எத்தனை என்று என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். அப்புறம் ஆபீஸில் பெண்கள் போன் செய்தால் பாதி வார்த்தை பிடிபடவில்லை என்றாள். அதற்குப் பிறகுதான் பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

"இவங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமா. எங்கண்ணன் மகளத்தான் எம்மவனுக்கு எடுத்தேன். பின்ன, அசல்லயா போய்த் தேடுவாவ?"

அவர் தலையை ஆட்டினார். தொலைத்த சாவி கைக்கு அகப்பட்ட மாதிரி ஒரு தலையாட்டல். சொந்தத்தில் கட்டினால், இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் ஒளிந்திருப்பது பிள்ளையிடம் ஒன்றாகச் சேர்ந்து காதைக் கெடுப்பதுண்டாம். அப்படிப் பிறவியிலேயே காதைக் கெடுக்கிறவற்றுக்கு ஒரு பட்டியல் இருக்கிறதாம். ரத்தம் எடுத்து அந்தப் பட்டியலில் இருப்பதையெல்லாம் தேடிப் பார்ப்போம் என்றார்.

சில மாதம் கழித்துப் போனோம். "ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது" என்றார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று பார்க்கிறேன், பேத்தி அழுகிறாள்.

"எதுக்குட்டி அழுத? ஒண்ணும் இல்லன்னுதான சொல்லுதாவ?"

"ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னா நானே கெடுத்துக்கிட்டேன்னு அர்த்தம் ஆச்சி."

வீட்டுக்கு வந்தால் அவள் அம்மா, என் மருமகள், அதற்கு மேல். "நான் அப்பமே சொன்னேன்லா? ஆபீஸ்ல அத மாட்டுதா, வீட்டுக்கு வந்தா பாட்டுக் கேக்க இன்னொண்ணக் காதுல சொருகுதா. காது என்ன இரும்பா?"

பேத்தி பாட்டுக் கேட்கும் ஒயரைச் சுருட்டி, பழைய துணி இருக்கும் பெட்டிக்கு அடியில் வைத்தாள். ராகம் போட்டுக்கொண்டு துணி காயப்போடுகிற பிள்ளை அதோடு வாயை மூடிக்கொண்டது. வேலையையும் விட்டுவிடப் போகிறேன் என்றாள். நாலு பேருக்குத் தெரிந்தால் காதைத் தானே கெடுத்துக்கொண்டவள் என்றுதானே சொல்வார்கள் என்றாள். எனக்கு அவள் காது போவதைவிட அந்தப் பாட்டு நின்றதுதான் தாங்கவில்லை.

அதற்கு அடுத்த தடவை போனபோது வேறு ஒரு டாக்டர். லேடி டாக்டர். சின்ன வயசு. பேத்தியின் காதைச் சோதித்தபோது பேப்பரில் வரைந்த கோட்டை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடு இடதுபக்கம் சமமாகப் போய், நடுவிலிருந்து பொதிகை மலையின் இறக்கம் மாதிரி வலதுபக்கம் சரிந்து கிடந்தது.

"இது பிறக்கும்போதே வந்தது மாதிரி இல்ல. பிறவிச் செவிட்டைத் தேடினதுல கிடைக்கலைன்னா, அது வேற ஒண்ணா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "ஆச்சி, நோயப் பத்தி நான் கேக்கல. உங்க சொந்தக்காரங்கள்ல யாரை எல்லாம் தொட்டுக் கூப்பிடணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படிக் கேளுங்க. எங்கப்பாவயும் எங்கண்ணனயும் தொடாமக் கூப்பிடவே முடியாது!"

அப்புறம் என்னை நிறுத்த முடியுமா? சொன்னேன். எங்கள் ஊர் மேற்கே, மலை தெரிகிற இடத்தில், ஒரு நூல் மில்லைச் சுற்றி முளைத்த ஊர். சங்கு ஊதினால் தெரு முழுக்கச் சைக்கிள். எங்கள் அப்பா மில்லில் வேலை பார்த்தார். நான் பள்ளிக்கூடம் போகாததற்கும் அந்த மில் சங்குதான் காரணம். பள்ளிக்கூட மணியும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நேரமும் ஒன்றாக வந்தது. அக்காவுக்கு ஸ்லேட்டு, எனக்குத் தூக்குவாளி. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மில் வாசலில் நின்றால் வேடிக்கை. உள்ளே மிஷின் சத்தத்தில் வேலை பார்க்கிறவர்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிப் பழகியவர்கள். வெளியே வந்த பிறகும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சத்தமே இல்லாமல் ஊர்வம்பு பேசுவார்கள். எங்கள் அம்மா மில்லுக்குப் போகாமலே அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டு, இரண்டு பேர் சண்டையை ஜன்னல் வழியாகப் பார்த்தே எங்களுக்குச் சொல்லுவாள்.

அப்பாவுக்கு நாற்பது வயதில் இடி விழுந்தாலும் கேட்காது. தோளைத் தொட்டால்தான் திரும்புவார். அதற்கு எங்கள் தெருவில் 'மில் காது' என்று பெயர். அது நோயில்லை. மில் சைக்கிள், மில் சட்டை மாதிரி மில் காது. பிறகு அண்ணன் மில்லுக்குப் போனான். அவனுக்கும் முப்பது முப்பத்தைந்தில் மில் காது வந்தது.

"அண்ணன் எந்த மிஷின்ல நின்னாங்க?" என்றார் டாக்டர்.

"மிஷின்ல எங்க? கேண்டீன்ல டீ போட்டான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "டீ போட்டவருக்கு எதுக்கு ஆச்சி மில் காது?"

எழுபது வயதுவரைக்கும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. யோசித்துப் பார்த்தால், பக்கத்து வீட்டு அண்ணாச்சி எங்கள் அப்பாவோடு அதே மிஷினில் கடைசிவரைக்கும் நின்றவர். அவருக்கு மூன்று வீடு தள்ளி நடக்கிற சண்டை கேட்கும். மறுநாள் வந்து அதற்குப் பஞ்சாயத்தும் பண்ணுவார்.

"வேற யாரு?" என்றார்.

"வேற யாரும் இல்ல. எம்மருமவளுக்கு நான் கூப்பிட்டாக் கேக்காது. அது காதுக் கோளாறு இல்ல, மருமவ கோளாறு. எம்மவன் கூப்பிட்டா ஒடனே கேக்கும்."

மருமகள் அன்றைக்குக் கூட வந்து வெளியே உட்கார்ந்திருந்தாள். அவளையும் உள்ளே கூப்பிட்டு, கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் காதைச் சோதித்தார்கள். கோடு வந்தது. மகள் கோட்டுக்கு மேல் வைத்துப் பார்த்தால் அதே இறக்கம், இன்னும் கொஞ்சம் ஆழமாக.

"இதுல முதல்ல போறது கீச்சுக் குரல்தான்" என்றார் டாக்டர். "ஆம்பளக் குரல் ரொம்ப நாள் கேக்கும். குருவி, விசில், சின்னப் பிள்ளைங்க சத்தம் போயிடும். ஆச்சி, உங்க குரல் இருக்கே, அதுதான் எல்லாத்துக்கும் முன்னால போகும்."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அன்றைக்குத்தான் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தோம்.

"இருவத்தாறு வருசமா என்ன திமிருக்காரின்னு எத்தன பேருகிட்ட சொன்னியளோ அத்த" என்றாள்.

"நெறையப் பேருகிட்டச் சொன்னேன்" என்றேன். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லதல்லவா.

டாக்டர் ஒரு பெரிய பேப்பரில் படம் போட ஆரம்பித்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். காது குறைந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு, மற்றவர்களுக்கு வெள்ளை. எழுத்துத் தெரியாத எனக்கு என்று யாரோ கண்டுபிடித்த மாதிரி இருந்தது. அப்பா கறுத்த கட்டம். இப்போது இல்லாத அண்ணனும் கறுத்த கட்டம். மருமகளும் பேத்தியும் கறுத்த வட்டம். நான் வெள்ளை.

"உங்க கூடப் பிறந்தவங்க வேற யாரும் உண்டா?"

"ஒரு அக்கா இருந்தா. போய்ச் சேந்துட்டா."

"அவங்களத் தொட்டுக் கூப்பிடணுமா?"

"அவள எங்க தொட? அவ பேசவே மாட்டா. வீம்பு. அவளுக்கு நோயெல்லாம் ஒண்ணும் கெடையாது."

அக்கா வெள்ளை வட்டமாக நின்றாள்.

டாக்டர் அந்த வெள்ளை வட்டத்தைப் பேனாவால் தட்டிக்கொண்டே இருந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஆச்சி. உயிரோட இருக்கிற கறுப்பு ரெண்டே பேர், தாயும் மகளும். அவங்களுக்குள்ள பொதுவா இருக்கிறது ஏராளம், அதுல எதுன்னு கண்டுபிடிக்க முடியாது. தூரத்துச் சொந்தத்துல ஒருத்தருக்கு இதே மாதிரி இருந்தா, மூணு பேருக்கும் பொதுவா இருக்கிறது கொஞ்சம்தான், தேடுறது சுலபம். ஆனா நோய் உள்ளவங்கள இல்லைன்னு நான் எழுதிட்டா, அவங்ககிட்ட இருக்கிற நிஜமான காரணத்த நானே தூக்கித் தூரப் போட்டிருவேன்."

எனக்கு இது நன்றாகவே புரிந்தது. எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டவர்களுக்கு வயிறு கெட்டுப்போய், யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று விசாரணை நடந்தது. ஒருத்தி மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சாதித்துவிட்டாள். அவள் அவியலை மூன்று தரம் கேட்டு வாங்கித் தின்றவள். அவளுக்கே ஒன்றும் ஆகவில்லை என்பதால் அவியல் தப்பித்தது. பாவம், பாயசத்தின் மேல் பழி விழுந்தது. முதலில் விசாரித்தவர்கள் வாந்தி எடுத்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தார்கள், வயிற்றால் போனவர்களை விட்டுவிட்டார்கள். அது இன்னொரு குளறுபடி. இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இதேதான் ஆச்சி, இதேதான்" என்றார்.

"அப்படின்னா எங்கக்கா அவியல் தின்னவ இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

பஸ்ஸில் வரும்போது மருமகள் முன்சீட்டில் கண்ணயர்ந்துவிட்டாள். பேத்தி என் பக்கத்தில். "ஆச்சி, பெரியாச்சி எதுக்கு ஒங்ககிட்டப் பேசல?" என்று கேட்டாள்.

அவள் என் வாயைப் பார்க்க வசதியாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். என் தலையில் ஈர் உருவி, முதுகு தேய்த்து, அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகையில் வெயில் சுடுமே என்று தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தவள். சேரன்மகாதேவிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். முதல் பிள்ளைக்குப் பிறகு ஆளே மாறிவிட்டாள் என்று அந்த வீட்டில் சொன்னார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, மாமியாரை மதிக்க மாட்டேன் என்கிறாள், திமிர் என்றார்கள். விசேஷ வீட்டுக்கு வந்தால் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுவாள். "எல்லாரும் என்னத்தையோ முணுமுணுக்கிய" என்று நம்மேலேயே குறை சொல்லுவாள்.

அண்ணனுக்கு ஒரே மகள். அக்கா அவளைத் தன் மகனுக்குக் கேட்டாள். நான் என் மகனுக்குக் கேட்டேன். அண்ணன் எனக்குத் தந்தான். கல்யாணம் அம்பாசமுத்திரத்தில் நடந்தது. அக்கா வந்தாள், தாலி கட்டும்போது இருந்தாள், மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு நிற்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றைக்குச் சொதி, எங்கள் பக்கம் மறுவீட்டுக்குத் தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு. என் கையால் வைத்த சொதி என்றால் அக்காவுக்கு உயிர். முதல் தேங்காய்ப்பாலை ஊற்றி இறக்கிய கையோடு ஒரு தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். "அக்கா" என்றேன். "ஏ அக்கா" என்றேன். மூன்றாம் தரம் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் திரும்பவில்லை. படியில் ஏறி உள்ளே போய்விட்டாள்.

பெண்ணை நான் எடுத்துக்கொண்டேன் என்ற கோபம். வேறு என்னவாக இருக்கும்? நான் திரும்பி வந்து, அந்தச் சொதியை அடுக்களையில் நின்றபடியே ஆத்திரத்தில் முழுக்கக் குடித்தேன். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. விசேஷ வீடுகளில் பார்த்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். அவள் செத்ததற்குப் போய்க் கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்தேன்.

பேத்தி கேட்டுவிட்டு, "முதுகுக்குப் பின்னாலயா நின்னு கூப்பிட்டிய?" என்றாள்.

"ஆமா."

"பஸ் எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்திச்சா?"

"கெளம்புத பஸ்ஸு, ஓடாமலா நிக்கும்?"

"எவ்வளவு தூரத்துல நின்னிய?"

"ஏழெட்டு எட்டு இருக்கும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் கேட்டிருக்காது ஆச்சி" என்றாள்.

பஸ் வீரவநல்லூரைத் தாண்டியதா, நிற்காமல் போனதா, எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்று ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. இல்லை, தப்பாகச் சொல்கிறேன், வீரவநல்லூர் அம்பாசமுத்திரம் போகிற வழி. டவுன் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குள்ளேயேதான் இருந்தோம். என் மனசுதான் அம்பாசமுத்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா மகன் கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், அங்கேயே வீடு கட்டியிருக்கிறான் என்று கேள்வி. நான் போனதில்லை. எந்த முகத்தோடு போவது? ஆனால் பேத்தியின் பெட்டிக்கு அடியில் கிடக்கிற ஒயர் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்துப் போனால், அவன் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டியூபில் தண்ணீர் பிடித்து மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருக்கிறான்.

"ஏலே" என்றேன்.

திரும்பவில்லை.

"ஏலே, நாந்தான், சித்தி வந்திருக்கேன்."

சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். எனக்குச் சுருக்கென்று ஏறியது. "பாத்தியா? அம்மைக்கு உள்ள வீம்பு அப்படியே இருக்கு. வாட்டி, போவோம்" என்று செருப்பைத் திருப்பிவிட்டேன். எல்லாம் கேட்டு, எல்லாம் புரிந்து, அதற்காகவே பஸ் ஏறி வந்தவள் நான். அப்படியும் அந்தக் கோபம்தான் முதலில் வருகிறது, பாருங்கள்.

"ஆச்சி, தொடுங்க" என்றாள் பேத்தி.

பைய நடந்துபோய் அவன் தோளில் கை வைத்தேன். திடுக்கிட்டுத் திரும்பினான். அக்காவுடைய மூக்கு, அக்காவுடைய கண். அவன் கையிலிருந்த தண்ணீர் என் சேலையெல்லாம் நனைத்துவிட்டது.

"சித்தி! எப்ப வந்திய? எவ்வளவு நேரமா நிக்கிய?"

"ரெண்டு தரம் கூப்பிட்டேன்லே."

அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "இவியளுக்குக் கேக்காது சித்தி. கம்பெனிக் காது. வருசா வருசம் கம்பெனியில டெஸ்ட் எடுத்து, பஞ்சு வச்சிக்கோங்கன்னு அனுப்புதாவ."

நானும் பேத்தியும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டோம். எங்கள் அப்பாவுக்கு மில் காது. இவனுக்குக் கம்பெனிக் காது. இவளுக்கு ஹெட்செட் காது.

"எந்த மிஷின்லே நிக்க?" என்று அவன் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"மிஷின்லயா? நான் ஸ்டோர்ல இருக்கேன் சித்தி."

காப்பி வந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன். பேத்தியும் சொன்னாள். அவன் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, சிரித்தான். "பொண்ணக் கேட்டதுக்கு எனக்குத் தராமக் கொண்டு போனிய. இப்ப ரத்தத்தையும் கேட்டு வந்திருக்கிய. எங்கிட்ட வேற எதுவும் மிச்சம் இருக்கா?"

"வாய் மிச்சம் இருக்குலே. அத நீயே வச்சிக்கோ" என்றேன். அவன் பெண்டாட்டிக்குச் சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது.

அப்புறம் நான் அக்காவைப் பற்றிக் கேட்டேன். "ஒங்கம்மாவுக்குக் காது கேக்குமாலே?"

"கேக்கும்" என்று உடனே சொன்னான். "அம்மாவுக்கு ஒண்ணும் கெடையாது. கொஞ்சம் கோவக்காரி, அவ்வளவுதான்." பேசிக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான். தம்ளரை வைத்தான். "ஆனா சித்தி, நாங்க அம்மாவ வாயால கூப்பிட்டதே இல்ல."

"பின்ன?"

"சின்னப் பிள்ளையில எங்களப் பக்கத்துல போட்டுத் தூங்கயில சேலைத் தலைப்ப எங்க கால்ல முடிஞ்சிட்டு, மறு நுனிய அவ கையில சுத்திக்குவா. நாங்க அசைஞ்சா முழிச்சிக்குவா. நாங்க ஓடிப் போயிருவோம்னு பயப்படுதான்னு நெனச்சோம். பெருசான பெறகும் அந்தப் பழக்கம்தான். ஏதும் வேணும்னா சேலைத் தலைப்பப் பிடிச்சு இழுப்போம். கலியாணம் ஆகுத வரைக்கும் நான் இழுத்துத்தான் கூப்பிட்டேன்."

எங்கள் வீட்டில் தோள். அக்கா வீட்டில் சேலைத் தலைப்பு. தொட்டுக் கூப்பிடணுமா என்று கேட்டதற்கு இல்லை என்று சொன்னேனே.

"ஒங்கள நெனச்சிக்கிட்டேதான் இருந்தா" என்றான். "ஒங்க வீட்டுக் கலியாணத்துக்கு வந்துட்டுப் போன பெறகு, 'எந்தங்கச்சி எங்கிட்ட வாயத் தொறக்க மாட்டேங்கா. வைக்கித சொதியில ஒரு வாய் எனக்குக் கெடைக்கலியே'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. கூட்டத்துல யார் பேசுததும் புரியாமத்தான் சீக்கிரம் கெளம்பி வந்தாளோ என்னமோ. எனக்கு இப்பத்தான் தோணுது."

நான் சொதிக் கதையை அவனிடம் சொல்லவில்லை. ஆத்திரத்தில் நின்றுகொண்டே குடித்த அந்தச் சொதியின் ருசி, இத்தனை வருடத்துக்குப் பிறகு அன்றைக்கு நாக்கில் வந்தது.

அடுத்த வாரமே அவன் வந்து ரத்தம் கொடுத்தான். எங்கள் வீட்டிலும் எல்லாரிடமும் எடுத்தார்கள். காதைச் சோதித்தால் அதே இறக்கம். டாக்டர் மூன்று கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எனக்குக் காட்டினார். அதற்கப்புறம் காத்திருந்தோம். மழை வந்து, ஆற்றில் வெள்ளம் போய், வெயில் திரும்பிய பிறகுதான் கூப்பிட்டார்கள்.

கிடைத்துவிட்டது என்றார் டாக்டர். உடம்புக்குள் இருக்கிற ஒரு நீளமான எழுத்தில், ஒரே ஒரு இடத்தில், ஒரு எழுத்து மாறியிருக்கிறதாம். பேத்திக்கும் மருமகளுக்கும் அக்கா மகனுக்கும் அதே இடத்தில் அதே மாற்றம். எனக்கும் என் மகனுக்கும் அது இல்லை. அதற்கு இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமாக ஒரு பெயர் உண்டு. எனக்கு வாயில் நுழையாது. எழுத்தே தெரியாத என் வீட்டில் எழுத்துப் பிழை என்றால் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருத்தர் கொடுத்தாலே போதுமாம் இது வருவதற்கு. சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையாம். பிறவிச் செவிடு என்று தேடியவரைக்கும் இது கண்ணில் பட வழியே இல்லை என்றார்.

"இனிமே குறையுமா டாக்டர்?" என்று பேத்தி கேட்டாள்.

"குறையும். எவ்வளவு வேகமான்னு சொல்ல முடியாது. காது மிஷின் வச்சா நல்லா சமாளிக்கலாம். சத்தத்துலருந்து காதப் பாத்துக்கோங்க, அது எல்லாருக்கும் சொல்றதுதான். ஆனா இது உங்களால வந்தது இல்லம்மா. உங்க தாத்தாவுக்கு அப்பா காலத்துலருந்து வருது."

பேத்தி தலையை ஆட்டினாள். அழவில்லை. மருமகள்தான் சேலையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயந்தரம் அவளே பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியில் கிடந்த ஒயரை எடுத்துச் சிக்கெடுத்து, மகள் மடியில் போட்டாள். "சத்தத்தக் கொறச்சு வச்சிக் கேளு" என்றாள். மகளிடம் மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரிந்த வழி அது. இப்போது இரண்டு பேருமே காதுக்குப் பின்னால் மிஷின் வைத்திருக்கிறார்கள். நான் திட்ட ஆரம்பித்தால் மருமகள் அதைக் கழற்றிவிடுகிறாள். வேலையைப் பேத்தி விடவில்லை. பாட்டும் திரும்பி வந்துவிட்டது, கொடியில் துணியோடு.

அன்றைக்கு டாக்டர் அறையை விட்டு வருமுன் அந்தப் பெரிய பேப்பரைக் காட்டச் சொன்னேன். என் பக்கத்தில் அக்கா இன்னும் வெள்ளையாக இருந்தாள். மகனுக்கு அதே மாற்றம் இருப்பதால் அது அவள் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று சொல்லி, டாக்டர் என் கண் முன்னாலேயே அந்த வட்டத்தைக் கறுப்பாக்கினார். ஓரம் தாண்டாமல், பைய. வீம்புக்காரி என்று நான் சொன்னதை அந்தப் பேப்பரில் எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். நல்லவேளை.

போன மாதம் அக்கா மகனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சொதி வைத்தேன். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். அவன் பெண்டாட்டிக்கென்று ஒரு தூக்குவாளியில் ஊற்றி வைத்ததை மறந்துவிட்டுக் கிளம்பிவிட்டான். நான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பஸ் வந்துகொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். திரும்பி, தூக்குவாளியைப் பார்த்துச் சிரித்து வாங்கிக்கொண்டு ஏறினான்.

பஸ் போன பிறகும் கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன். அம்பாசமுத்திரத்திலும் ஏழெட்டு எட்டுதான் இருந்தது. அன்றைக்கும் ஒரு கையில்தான் தூக்குவாளி. இன்னொரு கை சும்மாதான் இருந்தது.